ஹீட்டரில் குளிர்காற்று வந்த காலை

நம் ஊரில் ஏ.சி. போட்டால் சூடான காற்று வருகிறது என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. ஹீட்டர் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறது என்று சொன்னவர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். திருவண்ணாமலையில் ஓடும் காருக்குள் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அந்தத் திருகை நீலப் பக்கம் வைத்துவிட்டு, வண்டியை விற்கும் வரை தொடுவதில்லை.

வேங்கிக்காலில் இருக்கும் நம் ஒர்க்ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருந்து, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டவள் நான். அதே நாற்காலியில் உட்காரப் போகும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டார். வண்டியை எப்படி உள்ளே எடுப்பது, புகாரை எப்படிப் பதிவது என்பதையெல்லாம் ஏற்கெனவே சொல்லித் தந்திருப்பார்கள். வாடிக்கையாளர், ஃபோர்மேன் எல்லோரும் 'போகலாம்' என்று சொல்ல, நீங்கள் மட்டும் 'வேண்டாம்' என்று சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்பதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் அப்படி ஒரு காலையைப் பற்றி எழுதுகிறேன். அன்று நான் செய்தது முழுக்கச் சரி என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதை எழுதினால் உங்களுக்குக் கொஞ்சம் பயன்படும் என்று தோன்றுகிறது.

தை மாதம். காலையில் பனி இன்னும் கலையவில்லை. எனக்கு அன்று வீட்டிலிருந்தே மனசு சரியில்லை. என் பெண்ணுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். காய்ச்சலா, போர்வைச் சூடா என்று முடிவு செய்ய முடியாமலே பஸ் ஏறியிருந்தேன். வந்து உட்கார்ந்ததும் போனைப் பார்த்தேன். செய்தி எதுவும் இல்லை. செய்தி இல்லை என்றால் நல்லது என்று அர்த்தமா, மாமியாருக்குப் போனை எடுக்கக்கூட நேரமில்லை என்று அர்த்தமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பழைய வெள்ளைக் கார் முக்கி முனகிக்கொண்டு உள்ளே வந்தது.

ஓட்டி வந்தவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். பின்சீட்டில் அவருடைய தங்கை. அவள் மடியில் பூத்துவாலையில் சுற்றிய கைக்குழந்தை. டிக்கியில் தொட்டில், பாத்திரங்கள், பழத்தட்டு, மஞ்சள் குங்குமம். யாரும் சொல்லாமலே விஷயம் புரிந்தது. தாய்வீட்டில் பிரசவம் முடிந்த பெண்ணை, ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்து, புருஷன் வீட்டில் கொண்டு விடப் போகிறார்கள். புருஷன் வீடு பெங்களூர்.

அண்ணன்காரர் கீழே இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார்.

"மேடம், டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறிடுச்சு. தண்ணி கம்மியா இருக்கும். ஊத்தி அனுப்பிடுங்க. வேற ஒண்ணும் வேணாம். நல்ல நேரத்துல கிளம்பிட்டோம், ஜாஸ்தி நேரம் நிக்க முடியாது."

"வேற ஏதாவது புகார் இருக்குங்களா?"

"ஒண்ணும் இல்ல."

பின்சீட்டிலிருந்து தங்கை சொன்னாள்: "ஹீட்டர் போட்டா ஜில்லுனு காத்து வருதுங்கக்கா. பாப்பாவுக்குக் குளுருதேனு போடச் சொன்னேன். அதுக்குப் போடாமயே இருந்திருக்கலாம்."

"அது ஒரு புகாரா? எங்கூட்டு ஃபேன்லயும்தான் ஜில்லுனு காத்து வருது. துண்டை இழுத்துப் போத்து" என்றார் அண்ணன்.

நான் இரண்டையும் எழுதிக்கொண்டேன். எஞ்சின் சூடாகிறது. ஹீட்டரில் குளிர்காற்று. ஒன்று அவசரம், இன்னொன்று சௌகரியம் என்றுதான் அப்போது எனக்கும் தோன்றியது.

எங்கள் ஃபோர்மேனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கை சுத்தம், வேலை சுத்தம். சொன்ன நேரத்துக்கு வண்டியைக் கொடுப்பவர். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள் என்பதை அவர் குறையாகவும் நினைக்கவில்லை, நிறையாகவும் நினைக்கவில்லை. எஞ்சின் ஆறும் வரை எல்லோரும் டீ குடித்தோம். பிறகு அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினார். ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. குனிந்து அடியில் பார்த்தார். ஒழுகல் இல்லை. எஞ்சினை ஓடவிட்டார். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து, அங்கேயே நின்றது.

"அவ்ளோதாம்மா. தண்ணி கம்மி. கேட் பாஸ் போட்டுடு" என்றார்.

கேட் பாஸில் அட்வைசர் கையெழுத்து இல்லாமல் வாட்ச்மேன் வண்டியை வெளியே விட மாட்டார். உங்கள் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் அதுதான். மற்றதெல்லாம் வேண்டுகோள்.

பேனாவை எடுத்தேன். எடுத்தவள், "ஹீட்டரை மட்டும் ஒரு தடவை பாத்துடலாமா அண்ணா?" என்று கேட்டேன்.

அவர் ஹீட்டரைத் திருப்பி, காற்று வரும் துவாரத்துக்கு முன்னால் கையை வைத்தார். குளிர். "லூப் போட்டிருப்பான்" என்றார்.

இது உங்களில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. எஞ்சினைச் சுற்றி வரும் கொதிநீரில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் குழாய்கள் உள்ளே இருக்கும் ஹீட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும். நம் பக்கத்தில் சிலர் ஹீட்டர் இருப்பதால்தான் எஞ்சின் சூடாகிறது என்று நம்புகிறார்கள். அதனால் அந்தக் குழாய்களைக் கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கொதிநீர் ஹீட்டர் பக்கமே போகாது. எஞ்சின் எப்படி இருந்தாலும் ஹீட்டரில் குளிர்காற்றுதான் வரும். நம் ஜில்லாவில் அப்படி லூப் போட்ட வண்டிகள் எத்தனையோ ஓடுகின்றன. ஃபோர்மேன் சொன்னது ஊகம் இல்லை, அனுபவம்.

ஆனாலும் பானெட்டுக்குள் மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். எஞ்சினுக்குப் பின்னால், எஞ்சின் அறையின் தகட்டுச் சுவரோடு ஒட்டி, இரண்டு குழாய்களும் வண்டி செய்தபோது இருந்த இடத்திலேயே இருந்தன. யாரும் லூப் போடவில்லை.

"லூப் இல்லண்ணா."

"அப்ப அடைச்சிருக்கும். உப்புத் தண்ணி. வாங்குனதுலருந்து ஹீட்டர் போட்டிருக்க மாட்டாங்க. சார், ரேடியேட்டருக்கு என்ன ஊத்துவீங்க?"

அண்ணன்காரர் நிமிர்ந்து நின்றார். "எங்க போர் தண்ணிதாங்க. தேங்கா தண்ணி மாதிரி இருக்கும்."

"தேங்கா தண்ணியும் ஊத்தக்கூடாது சார்" என்றார் ஃபோர்மேன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஹீட்டருக்குள் அடைப்பு இருந்தால் காற்று குளிர்ந்துதான் வரும். அது அவசரமான கோளாறு இல்லை. பெங்களூர் போய்விட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் அப்படி இருந்தால் ஹீட்டருக்குள் போகும் குழாய் சுட வேண்டும், வெளியே வரும் குழாய் மட்டும்தான் குளிர்ந்திருக்க வேண்டும். கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டுத் தொட்டேன். இரண்டும் குளிர்ந்திருந்தன. துணியை எடுத்துவிட்டு இன்னொரு முறை தொட்டேன். அப்போதும் குளிர்தான்.

"ரெண்டும் ஆறிப்போய் இருக்குண்ணா. தண்ணியே அந்தப் பக்கம் வரல."

"நின்ன இடத்துல ஐட்லிங்ல வராதும்மா. குழாய்ல காத்து அடைச்சிருக்கும். ஓட ஓட சரியாப்பூடும்."

இதுவும் நடக்கக் கூடியதுதான். நான் எது சொன்னாலும் அதற்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலும் தனியாகப் பார்த்தால் சரிதான். எல்லாப் பதிலையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை.

அண்ணன்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். "மேடம், முள்ளு இறங்கிடுச்சா இல்லியா?"

"இறங்கிடுச்சுங்க."

"தண்ணி ஒழுவுதா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? ராகுகாலத்துக்கு முன்ன செங்கம் தாண்டணும். கெட்ட நேரத்துல அவங்க வூட்ல போய் நின்னா எங்களைத்தான் பேசுவாங்க. மொத தடவையா புள்ளையத் தூக்கினு போறா."

ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, உன் பொண்ணுக்கு காய்ச்சல்னியே, இன்னா ஆச்சு?"

"தெரியலண்ணா. போன் வரல."

"அதான். நீ அம்மாவா நின்னு பாக்குற. அட்வைசரா நின்னு பாரு."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அதனால்தான் அது தைத்தது. உண்மையிலேயே அப்படித்தானோ? குழந்தை இருப்பதால்தான் எனக்குப் பயமா? வேறு யாராவது வந்திருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேனோ?

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். குழந்தை பெற்றவர்களுக்கு மட்டும் இல்லை. அன்று வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவருக்கும் வரும், கடன்காரர் போன் செய்தவருக்கும் வரும். நம் பயம் எது, வண்டியின் கோளாறு எது என்று பிரிக்கத் தெரிய வேண்டும். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கேட்டால் சிரிப்பு வரும். பின்சீட்டிலிருந்து அந்தத் தாயையும் குழந்தையையும் மனதுக்குள் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மல்லாட்டை மூட்டையை ஏற்றினேன். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் வண்டியில் அது இருப்பது சகஜம்தான். இப்போது இந்த வண்டி மல்லாட்டையோடு பெங்களூர் போகலாமா?

போகக்கூடாது என்றுதான் தோன்றியது. ஏனென்றால், அவ்வளவு தண்ணீர் உள்ளே போனதே, முன்பு இருந்த தண்ணீர் எங்கே போனது என்ற கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ஒழுகல் இல்லை என்பது பதில் இல்லை. அது கேள்வியை இன்னும் பெரிதாக்குகிறது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நான் தனித்தனியாக எழுதிக்கொண்ட இரண்டு புகாரும் ஒரே புகாராக இருக்கலாம். சூடு இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை. இங்கிருந்து அங்கே கொண்டுபோக வேண்டியது தண்ணீர். அது நகரவே இல்லையென்றால்?

மூட்டையை இறக்கிவிட்டுத் தாயையும் குழந்தையையும் திரும்ப ஏற்றினேன். பயம் அப்படியேதான் இருந்தது. காரணம் மட்டும் சுத்தமாகியிருந்தது.

அண்ணன்காரரிடம் போனேன். "சார், எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடட்டும். ஏ.சி. போட்டு, ரேஸ் குடுத்துப் பாக்கலாம். அதுவரைக்கும் நான் கேட் பாஸ் போட முடியாதுங்க."

"வண்டியில கோளாறு இருக்குனு சொல்றீங்களா?"

"இருக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா? உறுதியா சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க. உறுதியா தெரியாததாலதான் அனுப்ப மாட்டேங்குறேன்."

அவர் ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன் கூரையைப் பார்த்தார்.

"மேனேஜரைக் கூப்புடுங்க" என்றார் அண்ணன்காரர்.

மேனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. போனில் பிடித்தோம். அவர் ஃபோர்மேனிடம் கேட்டார், ஃபோர்மேன் நல்லாத்தான் இருக்கிறது என்றார். என்னிடம் கேட்டார், நான் தெரியவில்லை என்றேன். "கஸ்டமரைக் கோவிச்சுக்க வைக்காதீங்க, பாத்து முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மேனேஜர்களின் இந்த வாக்கியத்தையும் நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். முடிவு சரியாக இருந்தால் அது அவர் சொன்னது, தவறாக இருந்தால் நீங்கள் செய்தது என்று பொருள்.

பேனாவைப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன். வெளியே இருந்தால் எங்கே கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்று எனக்கே சந்தேகம். பிறகு பின்சீட்டுப் பக்கம் போய், கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.

"இறங்கி உள்ள வந்து உக்காரும்மா. சும்மாதான். பாப்பாவுக்கும் கதகதப்பா இருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வண்டிக்கு இன்னாங்கக்கா?"

"தெரியலம்மா. ஆனா செங்கம் தாண்டிட்டா வழியில காடுதான். நின்னுட்டா உதவிக்கு ஒரு ஆள்கூட கிடைக்காது."

அவள் யோசிக்கவே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"ஏ, எங்க போற? நல்ல நேரத்துல ஏறி உக்காந்துட்டு நடுவுல எறங்குவாங்களா?" அண்ணன்காரர் சத்தம் போட்டார்.

"டீ குடிக்க மட்டும் எறங்கலாமா? அப்ப நீ எறங்குனியே."

"நான் ஆம்பள, எறங்குவேன் ஏறுவேன். புள்ளத்தாச்சி மாதிரி நடந்துக்க."

"புள்ளத்தாச்சியா இருந்தது நாலு மாசத்துக்கு முன்னயே முடிஞ்சிடுச்சுண்ணா. புள்ள கையில இருக்குது. நீ வண்டியப் பாரு."

ஃபோர்மேன் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஏ.சி.யைப் போட்டு, ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தார். அவருக்கும் இந்தத் தகராறு முடிந்தால் போதும் என்று இருந்திருக்கும். அண்ணன்காரர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு முள்ளைப் பார்த்தபடி நின்றார். நானும் மறுபக்கத்திலிருந்து பார்த்தேன்.

முள் நகரவில்லை.

"பாத்துக்குங்க மேடம்" என்றார் அண்ணன்காரர். "கல்லு மாதிரி நிக்குது."

நின்றது. கொஞ்ச நேரம் கழித்தும் நின்றது. என் போன் அடித்தது, மாமியார். எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டுவிட வேண்டியதுதான் என்று பையின் ஜிப்பைத் தொட்டேன்.

"முள்ளு அப்படியேதாங்க..." என்று அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் பானெட்டுக்குள் குக்கர் விசில் போல ஒரு சத்தம். அடுத்த நொடி வெள்ளையாக ஆவி கிளம்பியது. முன்கண்ணாடியே மறைந்துவிட்டது. பக்கத்து வண்டியில் வேலை செய்துகொண்டிருந்த மெக்கானிக்குகள் ஸ்பேனரைப் போட்டுவிட்டு விலகி ஓடினார்கள். சூடான தண்ணீர் தரையில் கொட்டி, மறுபடி கிளம்பும்போது நசுக்க அண்ணன்காரர் முன்சக்கரத்துக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டு போனது.

ஃபோர்மேன் எஞ்சினை நிறுத்தினார். மூவரும் முள்ளைப் பார்த்தோம். அது பாதிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுகொண்டிருந்தது.

ஃபோர்மேன்தான் முதலில் பேசினார். "சரி" என்றார். தவறை ஒப்புக்கொள்ளும் விஷயத்தில் அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு.

கோளாறு என்ன என்பதை மதியம் ஃபோர்மேன் பிரித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போனில் சொன்னார். தண்ணீரைச் சுழற்றி அனுப்பும் பம்ப்புக்குள் சிறிய இறக்கைகள் இருக்கும். போர் தண்ணீரின் உப்பு அவற்றை அரித்துத் தின்றுவிட்டிருந்தது. அச்சு மட்டும் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் நின்ற இடத்திலேயே நின்று கொதித்து, வழியெல்லாம் ஆவியாகப் போயிருக்கிறது. அதனால்தான் கீழே ஒழுகல் இல்லை. கொதிநீர் ஹீட்டருக்கும் வரவில்லை, முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார் இருக்கும் இடத்துக்கும் வரவில்லை. வரும் வழியில் ஆவி பட்டு முள்ளை ஏற்றிய சென்சார், ஃபோர்மேன் புதிதாக ஊற்றிய பச்சைத் தண்ணீரில் நிம்மதியாக நனைந்துகொண்டிருந்தது. முள் பொய் சொல்லவில்லை. அதனிடம் வந்து சேர்ந்ததை அது ஒழுங்காகச் சொன்னது. மீட்டரைப் பார்க்கும்போது அது எங்கே உட்கார்ந்து பேசுகிறது என்பதையும் யோசியுங்கள்.

ஆனால் இதெல்லாம் மதியம். அந்த நேரத்தில் அண்ணன்காரர் ஆவிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கோபம் எல்லாம் வடிந்துபோய், தங்கை உட்கார்ந்திருந்த அறையின் கண்ணாடிக் கதவையே பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். இவ்வளவு சந்தேகம் வைத்திருந்தும் ஜிப்பில் கை வைத்தேனே என்பதுதான் என் மனதில் ஓடியது.

"வேற வண்டி ஏற்பாடு பண்ணித் தரட்டுங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

"தாய்மாமன் வண்டியிலதான் கொண்டாந்து விடுவேன்னு அவங்க கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்" என்றார், சின்னக் குரலில். "இந்த வண்டிய வாங்குனதே அதுக்குத்தான்."

அவருக்கு அதுதான் பெரிய விஷயம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு நேரமும் அவர் நேரத்துக்காகச் சண்டை போடுகிறார் என்று நினைத்திருந்தேன். பயம் எனக்கு மட்டும் இல்லை.

டாக்சி வந்தது. தொட்டில், பாத்திரம், பழத்தட்டு எல்லாம் இடம் மாறின. ஃபோர்மேனே நின்று ஏற்றிக் கொடுத்தார். அண்ணன்காரர் ஓரமாகப் போய் மச்சானுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தும் குரலைத் தணிக்கவில்லை.

"கிளம்பிட்டோம் மாப்ள. டாக்சியில வர்றோம். நம்ம வண்டி? நம்ம வண்டிக்கு ஒரு குறையும் இல்ல, நல்லா ஓடுது. ஹீட்டர் மட்டும் சரியில்ல. பச்சப் புள்ளய வெச்சுக்கினு குளுருல எப்படி வர்றது? அதான், விட்டுட்டேன்."

தங்கை ஏறிக்கொண்டே இதைக் கேட்டாள். என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் அந்தப் போனை இன்னொரு முறை செய்திருக்க மாட்டார். தங்கையின் மாமனாருக்கும் அதையே சொன்னார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

டாக்சி போனதும் மாமியாருக்குத் திருப்பிப் போன் செய்தேன். காய்ச்சல்தானாம், கஷாயம் கொடுத்திருக்கிறாராம், தூங்குகிறாளாம். உறுதியாகக் காய்ச்சல்தானா என்று கேட்டேன். "தொட்டுப் பாத்தாத்தானே தெரியும், நீ வந்து தொட்டுப் பாத்துக்க" என்றார். அன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மல்லாட்டை மூட்டை எதையும் மனதுக்குள் ஏற்றிப் பார்க்காமல் பஸ் ஏறினேன்.